லாசரண்ணா பார்க்காத கடைசி ரீல்

பூங்கோதை தியேட்டர் எங்கே என்று கேட்டால் ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்த ஷேர் ஆட்டோவும் சரியான இடத்தில் இறக்கிவிடும். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் ஐந்து மாடி அபார்ட்மென்ட் நிற்கும். தியேட்டரை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த அபார்ட்மென்ட்டின் ஆபீஸ் அறையில்தான் நான் வேலை பார்க்கிறேன். லிஃப்ட் நின்றால், தண்ணீர் லாரி வராவிட்டால், மேல் வீட்டுக்காரர் கட்டிலை நகர்த்தினால், முதல் போன் எனக்குத்தான் வரும். பி.காம். முடித்து ஒரு வருஷம் அலைந்தபின் கிடைத்த வேலை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா பெயின்டர். இதே கட்டடத்தின் வெளிச்சுவருக்குச் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்தவர். அந்தச் சுவருக்கு உள்ளே மகள் ஏசியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானோ இதற்குத்தானா அத்தனை படிப்பு என்று அடிக்கடி யோசிப்பேன். யோசனை முடிவதற்குள் லிஃப்ட் நின்றுவிடும்.

போன வருஷக் கடைசியில் ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரணவ் சார் என் அறைக்கு வந்தார். ஐ.டி. கம்பெனிக்காரர். எதைச் சொன்னாலும் உற்சாகமாகத்தான் சொல்வார்.

"சுபத்ரா, பொங்கலுக்கு ஒரு தியேட்டர் நைட் பண்றோம். விசிட்டர் பார்க்கிங்ல பெரிய ஸ்கிரீன் கட்டி, பழைய பிளாக் அண்ட் ஒயிட் படம். அதுக்கு முன்னாடி பூங்கோதை தியேட்டரோட ஹிஸ்டரி ரெண்டு பக்கம் படிக்கணும். நீங்கதான் எழுதறீங்க. நீங்க லோக்கல்தானே?"

லோக்கல்தான். ஆனால் பூங்கோதை மூடும்போது எனக்கு ஐந்தாறு வயது. ஞாபகம் இருப்பதெல்லாம் அம்மா மடியில் தூங்கியதும், இடைவேளையில் யாரோ என் காலை மிதித்ததும்தான். இதை வைத்து ஹிஸ்டரி எழுத முடியாது. அதனால் பின் சந்தில் இருக்கும் லாசரண்ணா வீட்டுக்குப் போனேன்.

லாசரஸ் என்பது அவர் முழுப்பெயர். எழுபதைத் தாண்டியவர். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அப்பா, பிள்ளை, பேரன் என்று எல்லாருக்கும் அவர் லாசரண்ணாதான். பூங்கோதையின் சைக்கிள் ஸ்டாண்டை மீசை அரும்பிய வயதில் எடுத்தவர், தியேட்டர் மூடும் வரைக்கும் விடவில்லை. அவர் மனைவி பியூலா டீச்சர் எனக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர். ரிட்டயர் ஆகிவிட்டதாக டீச்சர் சொல்கிறார். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் இன்னும் ஜோடியைச் சேர்த்துத்தான் வைக்கிறேன்.

"இன்னா சுபத்ரா, இஸ்டரி எழுதப் போறியாமே? வா, குந்து" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினார் லாசரண்ணா. டீச்சர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நோட்டு எங்க?" என்றார். போனில் பதிவு செய்துகொள்வேன் என்றேன். அதை ஒரு படிப்பாக அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. காபி போட உள்ளே போனார்.

லாசரண்ணா ஆரம்பித்தார். "துளசிங்கம்னு ஒருத்தர் நெல்லு போட்டுகினு இருந்த நெலம்மா இது. ஒரு வருசம் ஏரில தண்ணி இல்ல. டென்டு கொட்டாய்க்காரன் வந்து வாடகைக்குக் கேட்டான். நெல்லப் பாக்க வராத கூட்டம் அங்க ராத்திரி ராத்திரி குந்தினு கீதேன்னு துளசிங்கம் பாத்தாரு. அடுத்த வருசம் அவரே செவுரு வெச்சி, மேல ஷீட்டு போட்டு, பொண்ணு பேரையும் வெச்சிட்டாரு. அந்தப் பொண்ணுக்குத் தியேட்டர் பக்கத்து வூட்ல தூக்கமே கெடையாது. கல்யாணம் ஆயி படப்பைக்குப் போனப்புறம்தான் நல்லாத் தூங்கிச்சாம்."

தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. கூரை ஆஸ்பெஸ்டாஸ். மழை வந்தால் எந்தப் படமும் ஊமைப் படம். மேலே ஏர் ஃபோர்ஸ் விமானம் போனால் கதாநாயகன் வாயை மட்டும் அசைப்பான்; தரை டிக்கெட்காரர்கள் அந்த வசனத்தைத் தாங்களே பேசிக்கொள்வார்கள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிரணவ் சாருக்கு இதுவே போதும். ஆனால் பேச்சை முடிப்பதற்காக ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்போ எல்லாப் படமும் ஓசியிலயே பாத்திருப்பீங்க, இல்லண்ணா?"

லாசரண்ணா அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"பாத்தேன். நடுவுல மட்டும்."

"நடுவுலயா?"

"படம் போட்டு அரை மணி நேரம் லேட்டா வர்றவன் வந்துகினே இருப்பான். அதுக்கப்புறம் சங்கிலிய மாட்டிட்டு சைடு கதவால உள்ள போவேன். முடியறதுக்கு முன்னாடி வெளிய வந்துடணும். சுபம்னு போட்டான்னா மொத்தக் கூட்டமும் டோக்கனத் தூக்கிகினு என் மேல வுழும். எந்தப் படத்துக்கும் ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. யார் யாருக்குப் பொறந்தான், யாரு செத்தான், எதுவும் தெரியாது. நடுவுல அழுதுகினு இருப்பாங்க, அது தெரியும்."

இதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் தாம்பரத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டால் நடைதான். அதனால் சாயங்கால ஆட்டம் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கிளைமாக்ஸுக்கு முன்பே எழுந்து ஓடுவார்கள். மறுநாள் வந்து, முடிவு என்ன என்று அவரிடம்தான் கேட்பார்கள். தியேட்டர் ஆளாயிற்றே.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடி சொல்றது? தியேட்டர்ல வேல செய்யறவனுக்கு ஒரு கௌரவம் கீதுல்ல?"

அதனால் அவரே முடிவு சொன்னார். ஸ்டாண்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பிங் என்பதால் கண்ணெதிரே இருப்பதை வைத்துச் சொன்னார். கொலைகாரன் பஸ்ஸில் ஏறும்போது மஃப்டி போலீஸ் பிடிப்பார். தொலைந்துபோன தம்பி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான். ராஜா ராணிப் படத்தில் மட்டும் கொஞ்சம் திணறி, பஸ்ஸுக்குப் பதிலாகக் குதிரை வண்டியை ஸ்டாப்பிங்கில் நிறுத்தியிருக்கிறார். ஊர் முழுக்க இந்த முடிவுகள்தான் பரவின. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டிவியில் பழைய படம் பார்த்துவிட்டு, "கிளைமாக்ஸ கட் பண்ணிட்டான் பாரு, வெளம்பரத்துக்காக" என்று சண்டை போடுவார்கள். ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"சத்தம் போடாதம்மா. டீச்சருக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பியூலா டீச்சரிடம் படித்த எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்பில் சொல்வார். ஒரு பழைய படத்தில் வரும் பெண். கல்யாணமான வீட்டில் ராப்பகலாகத் தைத்துப் போடுவாள். செய்யாத தப்புக்குப் புருஷன் அவளை வெளியே போகச் சொல்வான். டிரங்குப் பெட்டியோடு ரோட்டுக்கு வருவாள். பஸ் வரும். கண்டக்டர் பெட்டியை வாங்கி வைத்து, "எங்கம்மா போகணும்?" என்பான். "டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூலுக்கு" என்பாள். படம் முடிந்துவிடும். "நான் சினிமா பார்க்கிறவ இல்ல. ஆனா இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் டீச்சரானேன்" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிடுவார்.

டீச்சர் வீட்டில் சினிமா பாவம். அவர்கள் சபையில் போஸ்டரைப் பார்த்தாலே மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கச் சொல்வார்களாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும், மாப்பிள்ளை கிடைக்கும்வரை டைப்பிங் படிக்கட்டும் என்று பியூலாவை அப்பா தாம்பரத்துக்கு அனுப்பினார். அவள் தினமும் பூங்கோதையின் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டுவிட்டு எதிரே பஸ் ஏறுவாள். ஸ்டாண்டில் இருந்த லாசரஸ் மாதா கோயில் வீட்டுப் பையன், ஆர்.சி.க்காரர்களுக்கு சினிமா அவ்வளவு பாவமில்லை. உள்ளே போய்ப் பார்ப்பதுதானே பாவம், காதால் கேட்டால் என்ன என்று பியூலா அவனிடம் கதை கேட்டாள். காலையில் சைக்கிளை விடும்போது கொஞ்சம், சாயங்காலம் எடுக்கும்போது கொஞ்சம். அந்தப் படத்தின் முடிவைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய், ட்ரெய்னிங் சேரணும் என்று அப்பா முன்னால் நின்றாள். சேர்ந்தாள். வேலையும் கிடைத்தது. சம்பளம் வாங்கிய பிறகு, கட்டினால் சைக்கிள் ஸ்டாண்டுக்காரனைத்தான் கட்டுவேன் என்று மறுபடியும் போய் நின்றாள். அந்தக் களேபரம் தனி.

"அப்போ அந்தக் கண்டக்டர்?" என்று லாசரண்ணாவிடம் கிசுகிசுத்தேன்.

"எதிர்த்தாப்புல தெனம் வர்ற பஸ்ஸு கண்டக்டருதான். பல்லு எடுப்பா இருக்கும், நல்ல மனுசன்."

எனக்கு ப்ளஸ் டூ முடிந்தபோது உறவுக்காரர்கள் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் டீச்சரிடம் அந்தக் கதையைக் கேட்டிருந்த என் அம்மா, "அந்தப் பொண்ணு பொட்டியத் தூக்கிகினு பஸ் ஏறல? எம்பொண்ணு மட்டும் இங்க குந்தினு இருக்கணுமா?" என்று கத்தித்தான் என்னைக் காலேஜில் சேர்த்தாள். ஆக, டீச்சரின் ட்ரெய்னிங் மட்டுமில்லை, என் பி.காமும் வராத ஒரு பஸ்ஸில் ஏறித்தான் வந்திருக்கிறது. அடித்தளத்தில் இப்படி ஒரு புளுகு இருந்தால் மேலே கட்டியது நிற்குமா? அபார்ட்மென்ட்டில் விரிசல் என்று போன் வந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுவேன். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

டீச்சர் காபியோடு வந்தார். "எந்தப் படம் போடறாங்களாம்?"

"இன்னும் முடிவாகல டீச்சர். வாட்ஸ்அப்ல ஓட்டு எடுக்கறாங்க."

"அப்படின்னா அந்தப் படத்தைப் போடச் சொல்லு. தைக்கிற பொண்ணு படம். எனக்கு அந்த பஸ் சீனை ஒரு தடவை கண்ணால பார்க்கணும்."

லாசரண்ணாவின் டம்ளரிலிருந்து காபி வேட்டியில் சிந்தியது. "நீ எங்க வரப் போற? சினிமா பாவம்ல?"

"தியேட்டருக்குள்ள போகமாட்டேன்னு அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன். இது பார்க்கிங். கார் நிக்கிற இடம். பார்க்கிங்குக்கு வரமாட்டேன்னு நான் யாருக்கும் வாக்கு குடுக்கல" என்றார் டீச்சர். எங்களுக்குக் கணக்குப் போடும்போது காட்டும் அதே முகம்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே லாசரண்ணா வாசலில் நின்றார்.

"அந்தப் படத்துல நெசமா இன்னாதாம்மா முடிவு? நானும் பாத்ததில்லையே. ஒருவேள பஸ்ஸே வருதோ இன்னாவோ."

நான் முதல்நாள் ராத்திரியே தேடிப் பார்த்துவிட்டேன். யாரோ யூட்யூபில் ஏற்றியிருந்தார்கள். போனை நீட்டினேன். "இம்மாத்தூண்டு டப்பாவுல நான் படம் பாக்கறதா? நீ வாயால சொல்லு" என்றார். சொன்னேன். அவள் ரோடு வரைக்கும் வருகிறாள். அங்கே மனசு மாறி வீட்டுக்குத் திரும்புகிறாள். மழை பெய்கிறது. புருஷன் காலில் விழுந்து, என்னை மன்னியுங்கள் என்கிறாள். அவன் மன்னிக்கிறான். சுபம்.

"கால்ல வுழறாளா? அவ இன்னா தப்பு பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலண்ணா."

"பேஜாரா போச்சே" என்று தலையில் கைவைத்தார் லாசரண்ணா. "நாப்பது வருசமா அவ இத சொல்லித்தான் புள்ளைங்களப் படிக்க வெச்சிகினு இருந்தா. இப்ப போயி அந்தம்மா கால்ல வுழறதப் பாத்தான்னா, இன்னா ஆவா சொல்லு? என்னைத் திட்டினா வாங்கிக்குவேன். அவ தன்னைத்தானே திட்டிக்குவா. அதான் பயம்."

நான் பிரணவ் சாரிடம் போய், வேறு படம் போடலாமா என்று ஜாடையாகக் கேட்டேன். நடக்கவில்லை. டீச்சரின் பழைய மாணவர்கள் ஒரு டஜன் பேர் அதே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். ஓட்டு அந்தப் படத்துக்கே குவிந்துவிட்டது. "ஒரு டீச்சரோட லைஃபை மாத்தின படம்! இதைவிட என்ன வேணும் சுபத்ரா?" என்றார் அவர். லேப்டாப்பை நீங்களே இயக்குங்கள் என்று என் தலையில் கட்டியும் விட்டார்.

அதைக் கேட்டதும் லாசரண்ணாவுக்கு உயிர் வந்தது. "மெஷின் உன் கைல கீதா? அப்ப சரி. அவ பொட்டியத் தூக்கிகினு ரோட்டுக்கு வருவால்ல, அங்க நிறுத்திடு. கரன்டு ரிப்பேரு, நெட்டு ரிப்பேரு, எதுனா சொல்லிக்கலாம். நான் முன்னாடிதான் குந்தினு இருப்பேன். கரெக்டா அந்த நேரத்துல மங்கி குல்லாவக் கழட்டுவேன். அதான் சிக்னலு."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குழப்பம். டீச்சர் இத்தனை வயதில் ஒரே ஒரு படம் பார்க்க ஆசைப்படுகிறார், அதையும் பாதியில் நிறுத்தவேண்டுமா? நிறுத்தாவிட்டால், அவர் எங்களுக்குச் சொன்னது பொய் என்று அவர் கண்ணாலேயே பார்க்கவேண்டுமா? உண்மையைச் சொல் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். யோசித்து யோசித்து எந்த முடிவுக்கும் வரவில்லை. குல்லா எப்படிச் சொல்கிறதோ அப்படி என்று விட்டுவிட்டேன்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம். விசிட்டர் பார்க்கிங்கில் வெள்ளைத் திரை கட்டியிருந்தது. சரியாக அதே இடத்தில்தான் பழைய சைக்கிள் ஸ்டாண்ட் இருந்ததாம். பாப்கார்ன் மிஷின் வாடகைக்கு வந்திருந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தை மைக்கில் படித்தேன். டென்டு கொட்டாய் வருவதற்குள் குழந்தைகள் பாப்கார்னுக்கு ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் போனைப் பார்த்தார்கள். துளசிங்கத்தின் பெண் தூக்கமில்லாமல் தவித்ததற்கு மட்டும் ஒருவர் சிரித்தார்.

பஸ் சீனைப் பார்க்கணும் என்று மட்டும் சொன்ன டீச்சர், முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட காட்டன் புடவை, தோளில் சால்வை. பக்கத்தில் மங்கி குல்லாவோடு லாசரண்ணா. குல்லா காது வரைக்கும் பத்திரமாக இறங்கியிருந்தது. நான் பக்கவாட்டில் லேப்டாப்போடு அவர் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் லாசரண்ணாவின் குரல் கேட்டது. "அட! இவன் அவளுக்கு அண்ணனா? இத்தினி நாளா நான் இவன்தான் புருசன்னு நெனச்சிகினு இருந்தேன்!"

"உஷ்" என்றார் டீச்சர். "என்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்க."

"அப்ப லேட்டா ஒருத்தன் சைக்கிளு வுட வந்துட்டான், இன்னா பண்றது?"

பின்வரிசை இளசுகள் சோக வசனத்துக்கெல்லாம் சிரித்தார்கள். டீச்சர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. மெஷின் தைத்தது, மாமியார் திட்டினாள், புருஷன் கதவைக் காட்டினான். அந்தப் பெண் டிரங்குப் பெட்டியை எடுத்தாள். என் விரல் ஸ்பேஸ் பாரின் மேல் போனது. லாசரண்ணாவைப் பார்த்தேன்.

குல்லா தலையிலேயே இருந்தது.

அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். வாய் லேசாகத் திறந்திருந்தது. திரையின் வெளிச்சம் முகத்தில் ஏறி இறங்கியது. அந்தப் பெண் ரோட்டுக்கு வந்துவிட்டாள். அவர் அசையவில்லை. யாரும் டோக்கனை நீட்டவில்லை, யாரும் "அண்ணா, என் சைக்கிளு" என்று கத்தவில்லை. அதே இடத்தில், முதல்முறையாக, கடைசி வரைக்கும் உட்கார்ந்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல், குல்லா, பியூலா, எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

நன்றாக யோசித்து, உண்மைதான் முக்கியம் என்று முடிவுசெய்து விரலை எடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அதுவல்ல. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நிமிர்ந்தபோது திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் காலில் விழுந்தாள். வயலின் அழுதது. சுபம்.

சுபம் வந்ததும் லாசரண்ணா துள்ளி எழுந்து குல்லாவைக் கழற்றினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. டீச்சர் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் எங்கேங்க?"

லாசரண்ணா குல்லாவைப் பிசைந்தார். "இன்னிக்கு வரல பியூலா. ஸ்ட்ரைக்கு போல கீது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பியதும் நான் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

"சுபத்ரா, நீ எதையாவது கட் பண்ணினியா?"

"இல்ல டீச்சர். படமே இவ்வளவுதான்."

அவர் புருஷனைப் பார்த்தார். "அப்போ அந்த பஸ்?"

"நான் வுட்டதுதான்" என்றார் லாசரண்ணா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு வந்த. டைப்பிங் முடிஞ்சா கட்டிக் குடுத்துடுவாங்கன்னு சொன்ன. அப்புறம் கிளைமாக்ஸ் இன்னான்னு கேட்ட. எனக்கு எங்க தெரியும்? எதிர்ல பஸ்ஸு நின்னுகினு இருந்திச்சி. ஏத்தி வுட்டேன்."

"அந்தப் படத்துல வர்ற பொண்ணே போறாளேன்னு எங்க அப்பா முன்னாடி நின்னு சொன்னேனே. அவர் போய்ப் பார்த்திருந்தா?"

"உங்கப்பா எங்க பாக்கறது? அவருக்குதான் சினிமா பாவமாச்சே. அந்த தைரியத்துலதான் சொன்னேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்தனை பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். இதோ இவகிட்ட சொல்லியிருக்கேன்." என்னைக் காட்டினார். அதைக் கேட்டுத்தான் நான் படித்தேன், படித்து இந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து ராத்திரி ஜெபத்துல அந்தக் கதை எழுதினவருக்கு நன்றி சொல்லியிருக்கேன்" என்றார் டீச்சர். "யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அவரும் அவர் பிள்ளைகுட்டிகளும் நல்லா இருக்கணும்னு ஒருநாள் விடாம கேட்டிருக்கேன்."

லாசரண்ணா மெதுவாக நிமிர்ந்தார்.

"நம்ம புள்ளைங்க நல்லாத்தான கீதுங்க?"

டீச்சர் அவரை முறைத்தார். முறைப்பு கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தது. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறி எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். வகுப்பில் ஒருநாளும் நாங்கள் பார்க்காத சிரிப்பு.

அடங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சுபத்ரா, அந்தப் பொண்ணு ரோட்டுக்கு வர்ற இடத்துக்குப் போ."

பின்னால் நகர்த்தினேன். மழை ஓய்ந்தது, அவள் காலிலிருந்து எழுந்தாள், பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"அங்க நிறுத்து."

நிறுத்தினேன். டிரங்குப் பெட்டியோடு அந்தப் பெண் திரையில் பெரிதாக நின்றாள்.

"ம், சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"இன்னாத்த?"

"மீதியை."

லாசரண்ணா சுற்றும்முற்றும் பார்த்தார். வாட்ச்மேன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். பாப்கார்ன் மிஷினை யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள். லாசரண்ணா குல்லாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அவ ரோட்ல நின்னுகினு கீறா. அப்ப பஸ்ஸு வருது..."

"ஹாரன் அடிச்சிக்கிட்டு வரும்னு சொல்வீங்க."

"ஆமா, ஹாரன் அடிச்சிகினு வருது. கண்டக்டரு எட்டிப் பாக்கறான். பல்லு எடுப்பா..."

"பல்லெல்லாம் அப்ப சொல்லல. பெட்டியை வாங்கி வைக்கலையா?"

"வெக்கறான்மா, வெக்கறான். நீ அவசரப்படாத."

பிரணவ் சார் திரையை அவிழ்க்க ஆட்களோடு வந்தார். நான் எழுந்துபோய்க் கையைக் காட்டி மறித்தேன்.

"ஒரு நிமிஷம் சார். பஸ் எடுத்துடட்டும்."